ஒரு பாவில் எட்டுத் துண்டு

(ஐயங்கார்குளத்தில் நெசவாளர் குடும்பங்களும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் 'கைத்தறியின் எதிர்காலம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதை நான் சுருக்கிக்கொள்கிறேன். இருபத்திரண்டு அங்குல அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள ஒரு கழுத்துத் துண்டு. கடைகளில் ஸ்கார்ஃப், ஸ்டோல் என்று சொல்லி விற்கிறார்களே, அது. அதை நெய்யும்போது மிஞ்சுகிற நூலில் செய்கிற ஒரு சேலைப் பின். இந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். காஞ்சிபுரம் பட்டுச்சேலையை நெய்கிறவர் அந்தச் சேலைக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. இந்தச் சின்னத் துணிக்கு ஆகலாம். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் சில இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். பட்டும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வருகிறது. எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்த சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். வண்ணம் அவர்கள் சொல்வது, புட்டா அவர்கள் சொல்வது, கூலி அவர்கள் வைத்தது. கல்யாணம், மருத்துவச் செலவு என்று வாங்கிய முன்பணம் கூலியில் கழிந்துகொண்டே இருக்கும். சேலை கடைக்குப் போய் என்ன விலைக்கு விற்றது என்பது நெய்தவர் காதுக்கு வருவதே இல்லை. சொந்தமாக நெய்து விற்கலாமே என்று கேட்பார்கள். ஒரு நல்ல ஜரிகைச் சேலைக்கு ஆகும் முதலை நினைத்துப் பாருங்கள். தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற இழைகளைத்தான் பாவு என்கிறோம். மூன்று சேலைக்கான பாவு ஒன்றுக்குச் சொந்தப் பணம் போட்டு, அதில் ஒரு சேலை விற்காமல் ஆறு மாதம் பீரோவில் கிடந்தால் அந்த வீட்டில் அடுத்த பாவு ஏறாது. நெசவாளரைக் கூலிக்காரராகவே வைத்திருப்பதில் சேலையின் விலைக்கும் பங்கு இருக்கிறது. திறமைக் குறைவால் யாரும் கூலிக்கு நெய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு வேறு வண்ணம் என்று கோர்வையாக நெய்வதுதான் காஞ்சியின் பெருமை. குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவருக்கு இரண்டு கைதான். எதிர்க் கரையின் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னோர் ஆள் பல காலம் ஒரு குழந்தையாக இருந்தது. வீட்டுப் பிள்ளையாக இருந்தது. முன்பணத்துக்கு அனுப்பப்பட்ட அடுத்த வீட்டுப் பிள்ளையாகவும் இருந்தது. 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பள்ளிக்கூடங்களும், சட்டமும், இங்கே பாடுபட்ட தொண்டு நிறுவனங்களும், முக்கியமாக இனி என் பிள்ளையைத் தறியில் உட்கார வைக்க மாட்டேன் என்று முடிவு செய்த தாய்மார்களும் சேர்ந்து அதை மாற்றினார்கள். நான் சொல்லும் துண்டுக்கு ஒரே நாடா போதும், ஒரே ஆள் போதும். இதன் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகத் தெரிந்தது. பத்து ஆண்டுக்கு முந்தைய கணக்கில் அது 43 லட்சம். இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்த எண்களை வைத்துக்கொண்டு பாரம்பரியம், பண்பாடு என்று மட்டும் பேசிவிட்டு என்னால் இறங்கிப் போக முடியாது.

சின்னத் துணி நம் ஆட்களுக்குப் புதியதா? இல்லை. மெட்ராஸ் கைக்குட்டை என்று ஒன்று உலகமெல்லாம் போயிற்று. பெயர்தான் கைக்குட்டை. முப்பத்தாறு அங்குலச் சதுரம், தலையில் கட்டிக்கொள்ளும் துணி. எட்டுச் சதுரங்களை ஒரே நீளமாக நெய்து, வெட்டாமல் அனுப்புவார்கள். சென்னையைச் சுற்றிலும், வடக்கே சீராலா பக்கமும் உள்ள குழித்தறிகளில் பருத்தியில் கட்டம் போட்டு நெய்த துணி அது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனது. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டு இன்றைக்கும் மெட்ராஸ் என்ற பெயரோடுதான் இருக்கிறது. நைஜீரியாவின் கடலோரத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாச் சடங்குகளிலும் இந்தத் துணி அவர்களுக்கு வேண்டும். அவர்கள் செய்கிற ஒரு வேலை என்னை வியக்க வைக்கிறது. நம் ஆள் நெய்து அனுப்பிய கட்டத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒவ்வோர் இழையாக எடுத்து எடுத்து, அந்தத் துணிக்குள்ளேயே தங்களுக்கென்று புதிய உருவங்களைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நெய்தவர் சேர்த்ததைக் கழித்து ஓர் அழகு. இங்கே குழிக்குள் கால் வைத்து நெய்த கை ஒன்று, அங்கே இழை எடுத்த கை ஒன்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்த வியாபாரத்தில் ஒரு கறையும் உண்டு. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கியபோது கொடுத்த விலையில் இந்தியத் துணியும் ஒரு பகுதி. துணி நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் பெருமையைச் சொல்கிற வாய் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 1950களின் கடைசியில் அதே மெட்ராஸ் கட்டத் துணி சட்டையாக அமெரிக்காவுக்குப் போயிற்று. துவைத்தால் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். விற்றவர்களோ, சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலப்பதுதான் அசல் மெட்ராஸுக்கு அடையாளம் என்று விளம்பரம் செய்து, குறையையே மோஸ்தராக்கிவிட்டார்கள். இந்தக் கதையை வியாபார சாமர்த்தியத்துக்கு உதாரணமாகப் பலர் சொல்வார்கள். நான் வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். கழுத்தில் கட்டுகிற துணிக்கு இந்தச் சாமர்த்தியம் எடுபடாது. நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டு, சிவப்புச் சாயம் வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கினால் அந்தப் பெண் மறுபடி நம்மிடம் வர மாட்டாள், அவளுடைய தோழிகளும் வர மாட்டார்கள். ஆகவே சாயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சாயம் போட்ட சிட்டத்தில் ஒரு சாண் நூலை எடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நூலை அதற்குள் மடித்து, மேலே ஒரு கனமான பலகையை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளைத் துணியில் நிறம் ஏறியிருந்தால் அந்தச் சிட்டம் பாவுக்குப் போகக் கூடாது. சாயக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி நெசவில் இந்தச் சோதனை உங்கள் வேலை இல்லை. சொந்த நெசவில் உங்களை விட்டால் செய்ய ஆள் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் எந்தச் சாயம் என்பதையும் எழுதி வாங்குங்கள். 1990களின் நடுவில் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டபோது நம் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சாயங்கள் தோலுக்குக் கெடுதல், சாயப்பட்டறையில் கை நனைக்கிறவருக்கு அதைவிடக் கெடுதல்.

அடுத்தது நெசவு. இங்கே ஒரு சிக்கல், அதுவும் உங்கள் திறமையால் வருகிற சிக்கல். காஞ்சிப் பட்டு கனமாக இருக்க வேண்டும் என்று பழகிய கை உங்களுடையது. முறுக்கிய கனத்த இழை, நெருக்கமான அச்சு, பலகையை இழுத்து அடிக்கிற அடி. சேலை ஒரு தலைமுறைக்கு நிற்பது அதனால்தான். அதே அடியில் ஒரு ஸ்டோலை நெய்தால் அது அட்டை மாதிரி விறைத்து நிற்கும், கழுத்தில் விழாது. துண்டுக்கு மெல்லிய இழை வேண்டும். அச்சில் இடைவெளி விட்டுப் பாவைப் பிணைக்க வேண்டும். பலகை ஊடையைத் தொட்டு நிறுத்த வேண்டும், அடிக்கக் கூடாது. முதல் துண்டில் கை அடிக்கத்தான் செய்யும். இரண்டாவதிலும் அடிக்கும். சில வாரங்களில் அடங்கிவிடும். நெய்ததைக் கையில் பிடித்துக் கசக்கி விட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கி, விட்டதும் மெல்ல விரிய வேண்டும்.

தறியை மாற்ற வேண்டியதில்லை. சேலை அச்சிலேயே இரண்டு ஓரமும் காலியாக விட்டு, நடு இருபத்திரண்டு அங்குலத்தில் மட்டும் பாவு ஏற்றலாம். குஞ்சத்துக்கு விடுவதையும் சேர்த்து ஒரு துண்டுக்கு இரண்டே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆக, மூன்று சேலை வருகிற நீளத்தில் எட்டுத் துண்டு வரும். அகலம் பாதிக்கும் குறைவு, இழையும் மெல்லியது என்பதால் பட்டு மிகவும் குறைவாகவே ஆகும். ஜரிகை வேண்டாம். ஜக்கார்டு பெட்டியும் வேண்டாம்.

ஜக்கார்டு இல்லாமல் எப்படி அழகு வரும் என்று ஒரு தம்பி முன்பே கேட்டார். உங்கள் பாட்டிமார் பெட்டியைத் திறந்து பாருங்கள். முத்துக்கட்டம், பாலும் பழமும், வைர ஊசி எல்லாம் இழைக் கணக்கிலும் வண்ண மாற்றத்திலும் மட்டுமே வருகிறவை. இன்னும் எளிதாக ஒன்று சொல்கிறேன். பாவு முழுக்க மயில்நீலம் ஏற்றுங்கள். முதல் துண்டுக்கு ஊடை அரக்கு, இரண்டாவதற்குக் கிளிப்பச்சை, மூன்றாவதற்கு மாம்பழ மஞ்சள். பாவு ஒன்று, ஊடை எட்டு. ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் அசைக்கும்போது வேறு வேறு நிறம் காட்டும். மயில்கழுத்துச் சேலையில் நீங்கள் எத்தனையோ தடவை செய்த வேலைதான் இது. வாங்குகிறவருக்கு, தன்னுடையதைப் போல் இன்னொன்று இல்லை என்பது பெரிய சந்தோஷம். விசைத்தறிக்காரர் ஆயிரம் மீட்டர் ஒரே மாதிரி ஓட்டினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். எட்டை எட்டு விதமாக நெய்வது உங்களுக்குச் சுலபம், அவருக்கு நஷ்டம். போட்டி போட வேண்டிய இடம் இதுதான். விலையில் அவரோடு மோதினால் தோற்போம்.

இப்போது பின்னுக்கு வருகிறேன். தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

நம் பெண்களில் ஊக்கு இல்லாமல் சேலை கட்டுகிறவர்கள் குறைவு. வளையலில் ஒன்று, தாலிச் சரட்டில் ஒன்று மாட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் போகிறவர்கள் மடிப்பு எடுத்துத் தோளில் குத்துவார்கள். பல ஆயிரம் ரூபாய்ப் பட்டில் மெல்லிய கம்பி ஊக்கு இழுத்து இழுத்து ஓட்டை போட்டுவிடும். மடிப்பின் பாரத்தைத் தாங்குகிற அளவுக்குப் பின்னால் கெட்டியான அடித்துணியும், முன்னால் பார்க்க அழகான ஒரு பூவும் இருந்தால் அதற்கு என்றும் தேவை உண்டு. பட்டுநூல் வளையலும் ஜிமிக்கியும் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு முழுக்க வீட்டுப் பெண்கள் செய்து விற்றது உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பாலும் கடையில் வாங்கிய ரேயான் நூல்தான் சுற்றினார்கள், பசையால் ஒட்டினார்கள். யாரும் செய்யலாம் என்று ஆனதும் விலை இறங்கிப் போயிற்று. உங்களிடம் இருப்பது அசல் பட்டு. அதோடு, உங்களுக்கு நெய்யத் தெரியும்.

செய்முறையைக் காட்டுகிறேன். கெட்டி அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, விளிம்பில் பதினேழு வெட்டு போடுங்கள். எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். வெட்டுகளில் நூலை மாட்டி நடுவில் கொண்டுவந்து முடிந்தால் சக்கரக் கால்கள் போலப் பதினேழு இழை நிற்கும். அதுதான் பாவு. மொட்டை ஊசியில் ஊடை நூலைக் கோத்து, நடுவிலிருந்து ஓர் இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒற்றைப்படை என்பதால் இரண்டாம் சுற்றில் மேலும் கீழும் தானாக மாறிக்கொள்ளும். இரட்டைப்படையாக வைத்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் விழுந்து நெசவே பிடிக்காது. நடுவில் இறுக்கியும் வெளியே வரவரத் தளர்த்தியும் சுற்றினால் பூ லேசாகக் குவிந்து நிற்கும். விளிம்பு வந்ததும் அட்டையிலிருந்து கழற்றி, இரண்டு மடிப்புக் காடாத் துணியின் மேல் வைத்து ஓரம் தைத்துவிடுங்கள். பின்புறம் துருப்பிடிக்காத எஃகு ஊக்கை மூன்று இடத்தில் நூலால் தையுங்கள். பசை வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகிப் பூ கழன்று தெருவில் விழும். சாதா இரும்பு ஊக்கு வியர்வையில் துருவேறிச் சேலையில் மஞ்சள் கறை போடும், அந்தக் கறை போகவே போகாது.

நூல் எங்கிருந்து? இதில் கவனம் வேண்டும். கூலிக்கு நெய்கிற பட்டில் மிஞ்சியது கொடுத்தவருடையது. எடைக் கணக்கு இருக்கிறது. அதில் கை வைத்தால் நம் பெயர் போகும். நம் சொந்தத் துண்டுகளின் பாவுக் கடைசியில் நெய்ய எட்டாமல் நிற்கிற முழ நூல், தாரில் மிஞ்சியது, புனையும்போது வெட்டியது, இவை போதும். போதாவிட்டால் கழிவு நூலை எடைக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். துண்டோடு அதே நூலில் செய்த பின்னையும் சேர்த்து விற்றால் இரண்டும் நன்றாகப் போகும். துண்டு தோளில் நழுவாமல் நிற்க அந்தப் பின்னே உதவும்.

விலைக்கு வருவோம். எண்களை உதாரணத்துக்குச் சொல்கிறேன், அன்றைய நிலவரத்தைப் போட்டு நீங்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டு ஸ்டோலில் 70 கிராம் பட்டு நிற்கிறது என்று வையுங்கள். கச்சாப் பட்டை வேகவைத்துப் பசை போக்கும்போது கால் பங்கு எடை போய்விடும். அப்படியானால் 93 கிராம் வாங்க வேண்டும். கிலோ ஐயாயிரம் என்றால் 465 ரூபாய். வேகவைக்க, சாயம் போட 60. நெய்கிறவருக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் கூலி, நாளுக்கு இரண்டு துண்டு என்றால் 350. இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். இதற்கு அடுத்த வரியைத்தான் எழுத மறந்துவிடுகிறார்கள். தார் சுற்றியது யார்? பாவு புனைந்தது யார்? நெய்து இறக்கியபின் இரண்டு முனையிலும் குஞ்சம் முடிந்தது யார்? அந்த வேலைக்கு 150 ரூபாய் எழுதுங்கள். வீட்டுப் பெண்தானே செய்தாள் என்று அந்த வரியை விட்டுவிட்டால், அந்தத் துண்டை அவளுடைய இலவச உழைப்பில்தான் நாம் விற்கிறோம். கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள் என்று சொன்னேன். அவர்கள் உழைப்பில் பெரும்பகுதி எந்தச் சேலையின் விலையிலும் எழுதப்பட்டதில்லை. சொந்தமாக விலை வைக்கிற உரிமை கையில் வந்த முதல் நாளே இதைச் சரி செய்துவிட வேண்டும்.

மொத்தம் 1,025. தறித் தேய்மானம், எப்போதாவது ஒன்று பழுதாவது, பை, அட்டை எல்லாம் சேர்த்து 125 வையுங்கள். அடக்கம் 1,150. இதை 1,700 ரூபாய்க்கு நேரே விற்றால் 550 நிற்கும், அடுத்த பாவுக்கு அது முதல். சென்னையில் ஒரு கடை கேட்கிறது, நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு என்கிறது. அதே 1,700 என்றால் உங்கள் கைக்கு வருவது 1,020. துண்டுக்கு 130 ரூபாய் நஷ்டம். எட்டுக்கு ஆயிரத்துக்கு மேல். 'நிறைய எடுத்துக்கொள்கிறோம்' என்பார்கள். நஷ்டத்தில் நிறைய விற்றால் நிறைய நஷ்டம். கடைக்குப் போக வேண்டுமென்றால் விலையே 1,950 ஆக இருக்க வேண்டும், உங்களிடம் நேரே வாங்குகிறவருக்கும் அதே விலைதான். கடையில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்றால் கடைக்காரர் ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்.

பட்டில் இறங்க முதல் இல்லை என்றால் பருத்தியில் தொடங்குங்கள். நெசவாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியாக நூலில் மானியம் கிடைக்கிறது. அட்டை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள்.

யார் வாங்குவார்கள்? முதலில் கண்ணில் படுகிறவர்கள், ஸ்கூட்டியில் போகிற நம் பெண்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும், காஞ்சிபுரம் கல்லூரிகளுக்கும் போகிற பெண்கள் வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தைச் சுற்றித் துணி கட்டுகிறார்கள். பாலியெஸ்டர் துணியைச் சுற்றிக்கொண்டு வியர்த்து வழிகிறார்கள். நூறு ரூபாய்த் துணி வாங்குகிற எல்லாரும் பருத்தித் துண்டுக்கு வர மாட்டார்கள். பத்தில் ஒருத்தி வந்தாலும் உங்கள் தறிகள் ஓயாது. அடுத்து, தலைமுக்காடு அணிகிற இஸ்லாமியப் பெண்கள். மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் நமக்குத் தூரமில்லை. மென்மையாக, வழுக்காமல் நிற்கிற துணியும் நல்ல பின்னும் அவர்களுக்கு அன்றாடத் தேவை. என்ன நீளம், என்ன அகலம் வேண்டும் என்று அவர்களிடமே போய்க் கேட்டு நெய்ய வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு நாமாக முடிவு செய்தால் தவறும்.

காஞ்சிபுரத்துக்கு வருகிற யாத்திரிகர்களும் இருக்கிறார்கள். கைலாசநாதர் கோயிலும் வரதராஜர் கோயிலும் பார்த்துவிட்டு, வந்ததற்கு ஞாபகமாக ஒரு பட்டு வேண்டும் என்று நினைக்கிற வெளிநாட்டவருக்குச் சேலை பயன்படாது. உங்கள் ஊருக்கே சித்ரா பௌர்ணமிக்கு வரதர் எழுந்தருளுகிறார். நடவாவிக் கிணற்றின் தண்ணீரை இறைத்து, உள்ளே மண்டபத்தில் பெருமாளை இறக்குகிற அந்த நாளில் எத்தனை ஆயிரம் பேர் இந்தத் தெருக்களில் நடக்கிறார்கள்! சஞ்சீவிராயர் கோயில் குளக்கரையில் பலூனும் பிளாஸ்டிக் பொம்மையும் விற்கிறது. உங்கள் ஊரில் நெய்தது என்று ஒரு துணிகூட அங்கே இல்லை. தாத்தாச்சாரியார் கோயில் கட்டி, கிணறு வெட்டி, குளம் எடுத்த ஊரில், தறிச் சத்தம் கேட்கிற தெருவில், ஊரின் பெயர் போட்ட ஒரு துண்டு கிடைக்க வேண்டாமா?

பொன்னாடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாலையும் எத்தனையோ மேடைகளில் சால்வை போர்த்துகிறார்கள். பெரும்பாலும் விசைத்தறியில் வந்த பளபளப்பு நைலக்ஸ்தான். போர்த்தியவரும் மறந்துவிடுவார், வாங்கியவர் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். 1953-இல் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்காமல் பட்டினி கிடந்தபோது, காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் போடுகிற எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் நான் வைக்கிற கோரிக்கை இது: பத்து நைலக்ஸ் சால்வைக்குப் பதில் ஒரு கைத்தறித் துண்டு போர்த்துங்கள். அதைப் பெறுகிறவர் கட்டிக்கொள்ளவும் செய்வார். இங்கே வந்திருக்கும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் தலைமையாசிரியர்களும் இந்த ஆண்டு விழாக்களிலிருந்தே தொடங்கலாம்.

துண்டில் ஒரு சீட்டு கட்டாயம் தைக்க வேண்டும். பட்டா பருத்தியா, எப்படித் துவைப்பது, எந்த ஊரில் நெய்தது. 2006-லிருந்து கைத்தறி முத்திரை என்ற அரசுச் சீட்டு இருக்கிறது. பதிவு செய்தால் கிடைக்கும். வாங்குகிறவர் முன்னால் பேச்சை விட அதற்கு மதிப்பு அதிகம். அதோடு போட்டோ. இரவில் டியூப் லைட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரக்கு கறுப்பாகத் தெரியும், துண்டு திரும்பி வரும். காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், நிழலில் வைத்து எடுங்கள்.

சேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு தெருவில் பத்துத் தறி இருந்தால் எட்டில் சேலை ஓடட்டும். ஆடி மாதத்திலும் மழைக்காலத்திலும் சங்கத்தில் பாவு கிடைக்காமல் தறி சும்மா இருக்கிறதே, அப்போது துண்டு ஓடட்டும். மற்ற நாட்களில் இரண்டு தறி போதும். வீட்டுக்கு ஒருவராகத் தொடங்கினால் ஆளுக்கு ஒரு கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டு, ஒருவர் விலையை ஒருவர் குறைப்பீர்கள். நான்கைந்து வீடு சேர்ந்து ஒரே பாவு, ஒரே விலை, ஒரே நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு பெண்கள் கையில் இருக்கட்டும். மகளிர் குழுவில் வருஷக்கணக்காகக் கடன் வசூல் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை.

முதல் எட்டை விற்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்களும், பள்ளிக்கூட டீச்சர்களும், பஸ்ஸில் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் இரண்டு மாதம் கட்டட்டும், துவைக்கட்டும், வெயிலில் காயப்போடட்டும். எங்கே நூல் விலகுகிறது, எந்தச் சாயம் வெளுக்கிறது, எந்தக் குஞ்சம் அவிழ்கிறது, பின் எங்கே இழுக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஒன்பதாவது துண்டிலிருந்து விலை போடலாம். சித்ரா பௌர்ணமிக்குள் இரண்டு பாவு முடிய வேண்டுமானால் தை மாதமே பாவு ஓட்டியாக வேண்டும். எந்தெந்த வீடு சேருகிறது, யார் தறியில் முதல் பாவு என்பதைக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம். இழைக் கணக்கும் சாயக் கணக்கும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். அதில் தவறு இருந்தால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் திருத்தித் தர வேண்டும்.